208 அடி சந்து... ஒரு பாட்டில் ஆசிட்... ஆச்சியின் ஆடுபுலி ஆட்டம்!

செப்டம்பர் மாதம் ஒரு காலை. ஷிஃப்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அம்மாவிடமிருந்து போன். "பதறாம கேளு. ஆச்சி வாசல்ல விழுந்துட்டாங்க."

இப்படி ஆரம்பித்தால் யாருக்குத்தான் பதறாது?

கோவில்பட்டியில் எங்கள் வீட்டுக்கு முன்னால் கடப்பாக் கல் பதித்த முற்றம் உண்டு. இருபதுக்குப் பன்னிரண்டு அடி. விடியற்காலை கோலம் போடப் போன ஆச்சிக்கு, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருந்த சந்தில் கால் பெருவிரல் மாட்டிக்கொண்டது. கையை ஊன்றி விழுந்ததில் வலது மணிக்கட்டில் எலும்பு விரிந்துவிட்டது. ஆறு வாரம் மாவுக்கட்டு. 78 வயதில் இடுப்பு தப்பியதே பெரிது என்றார் டாக்டர். ஆச்சிக்கோ வேறு கவலை. "ஆறு வாரமா? அப்ப கோலத்த யாரு போடுவா?"

அன்று ராத்திரி பஸ்ஸிலேயே ஊருக்குக் கிளம்பினேன்.

போய்ப் பார்த்தால், முற்றத்தில் சந்து என்று சொல்லும்படியா இருக்கிறது? வாய்க்கால் மாதிரி இருக்கிறது. அரை இஞ்ச் அகலச் சந்துகளில் பழைய சிமென்ட் பாதிக்கு மேல் பெயர்ந்து போயிருந்தது. மிச்சம் இருந்ததும் விரலால் நோண்டினால் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. ஒரு சந்தில் எறும்புப் புற்று, இன்னொன்றில் அருகம்புல். முருங்கை மரத்து மூலையில் கீழாநெல்லியும் குப்பைமேனியும் விதை போட்டு வளர்த்ததுபோலச் செழிப்பாக இருந்தன. போன வருஷம் இதே சந்திலிருந்து வந்த பூரான் ஒன்று அப்பாவின் செருப்புக்குள் குடியேறியிருந்தது தனிக்கதை.

அம்மா முடிவே செய்துவிட்டார். "எல்லாத்தையும் பேத்து எடுத்துட்டு டைல்ஸ் போட்ருவோம். பாக்கவும் பளிச்சுனு இருக்கும்."

கட்டிலில் படுத்திருந்த ஆச்சி சத்தமே இல்லாமல் சொன்னார். "எம் மூச்சு இருக்குற வரைக்கும் அந்தக் கல்லு அங்கதான் இருக்கும்."

அதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் கற்களைப் பதித்தது தாத்தா. தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர், 1987-ல் கொஞ்சம் கொஞ்சமாகக் காசு சேர்த்து, கடப்பாவிலிருந்து வந்த லாரியில் 60 கல் வாங்கிப் போட்டார். இரண்டுக்கு இரண்டு அடிக் கல். கொத்தனார்களோடு தானும் உட்கார்ந்து வேலை பார்த்தாராம். வேலை முடிந்த பிறகு, திண்ணைப் பக்கம் இருக்கிற ஒரு கல்லில், உளியால் ஆடுபுலி ஆட்டக் கட்டம் கீறினார். மூன்று புலி, பதினைந்து ஆடு. தாத்தாவும் ஆச்சியும் விளையாடிய பலகை அது. பிறகு ஆச்சியும் நானும். எனக்கு எண்ணக் கற்றுக்கொடுத்ததே அந்தப் பலகையில் புளியங்கொட்டை ஆடுகளை வைத்துத்தான்.

டைல்ஸும் வேண்டாம், யாரும் விழவும் வேண்டாம் என்றால் சந்தை அடைப்பதுதானே வழி? "நானே பாத்துக்கறேன்" என்றேன். இரண்டு நாள் லீவு இருந்தது. போனில் வீடியோக்கள் இருந்தன. அதற்கு மேல், எனக்கு ஒரு தகுதி இருப்பதாகவும் நினைப்பு. அதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன், சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது.

கால் மூட்டை சிமென்டை பக்கெட்டில் கொட்டி, தண்ணீர் ஊற்றி, தோசைமாவைவிட நீர்க்கக் கரைத்தேன். குவளையில் மொண்டு சந்துகளில் ஊற்றிக்கொண்டே போனேன். உள்ளே பழைய மண், வேர், எறும்பு எல்லாம் அப்படியே இருக்கின்றன. மேலே பால் மாதிரி நிறைந்தது. கையுறை போடவில்லை. சாயங்காலத்துக்குள் முடிந்துவிட்டது. தூரத்திலிருந்து பார்க்க நன்றாகத்தான் இருந்தது. போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் கூட வைத்தேன்.

மறுநாள் காலை விரல் நுனிகள் வெந்ததுபோல எரிந்தன. சிமென்ட் கரைசல் காரத்தன்மை உள்ளது, தோலை அரிக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. முற்றத்துக்குப் போனால், ஊற்றியது பல இடங்களில் வழிந்து, கருநிறக் கற்களின் மேல் சாம்பல் திட்டாகக் காய்ந்திருந்தது. வெயில் ஏறிய பிறகு சந்துகளுக்குள் தலைமுடி மாதிரி கோடுகள். அடுத்த நாள் அம்மா விளக்குமாறால் பெருக்கியபோது அப்பளம் போலப் பெயர்ந்தும் வந்தது.

சரி, சந்தைப் பிறகு பார்ப்போம், முதலில் கறையை எடுப்போம் என்று நினைத்தேன். இப்போது அந்தத் தகுதியைச் சொல்லியாக வேண்டும்.

டிப்ளமோ முடித்த புதிதில் ஓர் இணையதளத்தில் பயிற்சி நிருபராக இருந்தேன். ஒரு நாளைக்கு ஐந்து 'டிப்ஸ்' கட்டுரை எழுத வேண்டும். அதில் ஒன்று, தரைக் கறைகளைப் போக்கும் எளிய வழிகள். 'சிமென்ட் கறையா? பாத்ரூம் ஆசிடை லேசாக ஊற்றித் தேய்த்தால் போதும், பளிச்!' என்று எழுதியிருந்தேன். எங்கேயோ படித்ததை எடுத்துப் போட்டதுதான். எந்தத் தரை, என்ன கல் என்று ஒரு வார்த்தை இல்லை. அந்தக் கட்டுரையை நல்ல எண்ணிக்கையில் பேர் படித்தார்கள் என்று அப்போது பெருமைப்பட்டதும் ஞாபகம் இருக்கிறது.

நான் எழுதிய டிப்ஸை நானே நம்பி, கடையில் ஒரு பாட்டில் ஆசிட் வாங்கிவந்தேன். கறை அதிகமாக இருந்த இரண்டு கற்களில் ஊற்றினேன். நுரை பொங்கியது. அழுக்கு போகிறது என்றே நினைத்து இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். ஐந்து நிமிஷம் கழித்துத் தண்ணீர் விட்டுக் கழுவினால், சிமென்ட் திட்டு போயிருந்தது. கூடவே கல்லின் மேல்தோலும் போயிருந்தது. கறுத்து வழுவழுவென்று இருந்த கல், வெளுத்துச் சொரசொரவென்று தேமல் விழுந்த மாதிரி இருந்தது. அந்த இரண்டு கற்களில் ஒன்று ஆடுபுலி ஆட்டக் கல். புலிகள் உட்காரும் உச்சிப் பக்கத்தில் இருந்த கோடுகள் பாதி மங்கிவிட்டன.

கடப்பாக் கல் சுண்ணாம்புக்கல் வகை. ஆசிட் பட்டால் நுரைப்பது அழுக்கு இல்லை, கல்லேதான் கரைந்து கரியமில வாயுவாக வெளியேறுகிறது. பத்தாம் வகுப்பு வேதியியலில் படித்த அதே சமன்பாடு. பரீட்சைக்கு எழுதினேன், முற்றத்தில் மறந்துவிட்டேன்.

ஆச்சியிடம் சொல்லாமல் இருக்கலாமா என்று ஒரு மத்தியானம் முழுக்க யோசித்தேன். பிறகு போய்ச் சொன்னேன். அவர் எழுந்து வந்து, கட்டுப்போட்ட கையைத் தாங்கிக்கொண்டு, கல்லைக் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். "ஏட்டி, கொத்தனாரக் கூப்பிடு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கொத்தனார் அண்ணாச்சிக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். வந்தவர் என் வேலையைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. கரண்டிக் கட்டையால் ஒவ்வொரு கல்லையும் தட்டிக்கொண்டே நடந்தார். பெரும்பாலான கற்கள் 'டண்' என்றன. வடக்கு மூலையில் ஏழு கற்கள் 'பொத் பொத்' என்றன. ஒன்றின் மேல் ஏறி நின்றால் ஆடியது.

"இது அடில ஒண்ணும் இல்ல தாயி. பொந்து. இதுக்கு மேல நீ தங்கத்தக் கரைச்சு ஊத்துனாலும் நிக்காது. ஆடுற பல்லுக்கு சிமென்ட் அடைக்க முடியுமா?"

ஏன் அங்கே மட்டும் என்று கேட்டதற்கு, மேலே கையைக் காட்டினார். மொட்டைமாடி மழைக்குழாய் நேராக அந்த மூலையில்தான் கொட்டுகிறது. சந்து வழியாக உள்ளே இறங்கிய தண்ணீர், வருஷக்கணக்காகக் கல்லுக்கு அடியில் இருந்த மணலை அரித்துக்கொண்டு போயிருக்கிறது. அது போதாதென்று எங்கள் ஊர் மண் வேறு. கரிசல், கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும், மழை பெய்தால் ஊறி உப்பும். மேலே இருக்கிற கல் வருஷத்துக்கு ஒருமுறையாவது அசையத்தான் செய்யும். சந்து நன்றாக இருந்தால் உள்ளே தண்ணீர் குறைவாகப் போகும், மண்ணின் ஆட்டமும் குறையும். சந்து போனால் ஒன்றை ஒன்று கெடுக்கும்.

"சந்துதான முதல்ல போகும்? அது போகத்தான் இருக்கு. அது போகலன்னா கல்லு உடையும். வீட்டுக்கு வெள்ளையடிக்கற மாதிரி, சந்தையும் சில வருசத்துக்கு ஒருக்கா பாத்துக்கணும். உங்க தாத்தா பாத்தாரு. அவருக்குப் பிறகு யாரு பாத்தா?"

அப்பா அந்த நேரம் பேப்பரில் மும்முரமானார்.

முதல் நாள் முழுக்க எடுத்துப் போடுகிற வேலைதான். நான் ஊற்றியது, அதற்கு அடியில் இருந்த பழையது எல்லாவற்றையும் மெல்லிய உளியால் கொத்தி எடுத்தார்கள். சந்து எவ்வளவு அகலமோ, அதைப்போல இரண்டு மடங்காவது ஆழம் தோண்ட வேண்டும் என்பது கணக்கு. எங்கள் சந்து அரை இஞ்ச், அதனால் ஒரு இஞ்ச் ஆழம். அதற்குக் குறைந்தால் புதுக்கலவைக்குப் பிடிமானம் இருக்காது. ஆணி, பழைய பிரஷ், கடைசியில் தண்ணீர் என்று சந்தைச் சுத்தமாக்கினோம். 60 கல்லுக்கு நடுவே இருக்கிற சந்துகளை நீட்டி வைத்தால் 208 அடி வருகிறது. அதில் எண்பது அடியாவது நான் குந்தியே தோண்டினேன், முதுகு சாட்சி.

வடக்கு மூலையின் ஏழு கற்களைக் கடப்பாரையால் மெதுவாக நெம்பி எடுத்து, அடியில் புது மணல் போட்டு, தண்ணீர் தெளித்துக் கெட்டித்து, கலவை விரித்து மறுபடி உட்கார வைத்தார். நூல் கட்டி வாட்டம் பார்த்தார். பத்தடிக்கு ஒண்ணேகால் இஞ்ச் சரிவு தெருப்பக்கமாக. "மட்டமா இருக்கணும்னு சொல்வாங்க. மட்டமா இருந்தா தண்ணி எங்க போகும்? உங்க சந்துக்குள்ளதான் போகும்." மழைக்குழாயின் வாயை, அப்பா பிளம்பரைக் கூப்பிட்டு, மழைநீர் சேகரிப்புத் தொட்டிக்குத் திருப்பிவிட்டார். 2003-ல் தமிழ்நாடு முழுக்க மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆனபோது தோண்டிய தொட்டி அது. இத்தனை வருஷமாகத் தொட்டி ஒரு பக்கம், குழாய் ஒரு பக்கம்!

இரண்டாம் நாள்தான் சந்து பூசுவது. இங்கேதான் நான் செய்த தவறு என்னவென்று முழுதாகப் புரிந்தது.

ஒரு பங்கு சிமென்ட், மூன்று பங்கு சலித்த பி சாண்ட். தண்ணீரைக் கையால் தெளித்துத்தான் பிசைந்தார், ஊற்றவே இல்லை. "புட்டு மாவுக்கும் கொழுக்கட்டைக்கும் நடுவுல இருக்கணும். பிடிச்சா உருண்டை நிக்கணும், கைல தண்ணி கசியக் கூடாது" என்று ஓர் உருண்டையை என் கையில் வைத்தார். கலவையில் அதிகமாக இருக்கிற தண்ணீர் ஆவியாகிப் போகும்போது அந்த இடம் வெற்றிடமாகும், கலவை சுருங்கும், வெடிக்கும். என் பால் கரைசல் வெடித்தது அதனால்தான். அதோடு காய்ந்த சந்தில் ஊற்றியிருந்தேன். காய்ந்த கல் கலவையின் ஈரத்தை உறிஞ்சிவிடும். அண்ணாச்சி முதல்நாள் ராத்திரியே சந்துகளை நனைக்கச் சொல்லியிருந்தார். காலையில் ஈரம் இருந்தது, தண்ணீர் தேங்கவில்லை. அந்தப் பதம்தான் வேண்டும்.

உருண்டையை அப்படியே சந்துக்குள் திணிக்காமல் இரண்டு தடவையாக அடைத்தார். முதலில் பாதி ஆழம், ஒரு இரும்புத் துண்டால் இறுக அழுத்தி, அது கொஞ்சம் பிடித்த பிறகு மேல் பாதி. கடைசியில் வளைந்த கம்பியால் ஓர் இழுப்பு. சந்து கல்லின் மட்டத்தைவிட ஒரு நூல் கீழே இருந்தது. மேலே வழிய வழியப் பூசினால்தான் பலம் என்று நான் நினைத்திருந்தேன். கல்லின் மேல் படர்கிற அந்த மெல்லிய ஓரம்தான் முதலில் பெயருமாம், பெயரும்போது உள்ளே இருப்பதையும் இழுத்துக்கொண்டு வருமாம்.

கூட வந்த சித்தாள் அக்கா ஈரப் பஞ்சோடு பின்னாலேயே நகர்ந்துகொண்டிருந்தார். கல்லின் மேல் சிந்தியதை உடனே துடைத்துவிட்டார். அவ்வளவுதான் விஷயம். ஈரமாக இருக்கும்போது ஒரு துடைப்பு, காய்ந்த பிறகு ஒரு பாட்டில் ஆசிட். அவர் கையைப் பார்த்தேன். விரல் இடுக்கெல்லாம் சிமென்ட் தின்ற வெடிப்பு. கடைக்குப் போய் மூன்று ஜோடி ரப்பர் கையுறை வாங்கி வந்தேன். ஒரு ஜோடியை அவர் சிரித்துக்கொண்டே வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். சாயங்காலம்வரை அது அங்கேயே இருந்தது.

காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து பத்தரைக்கு நிறுத்திவிட்டார்கள். மறுபடி வெயில் சாய்ந்து நாலு மணிக்குத்தான். எங்கள் ஊர் உச்சி வெயிலில் பூசினால் கலவை இறுகும் முன்பே உலர்ந்துவிடும். பூசிய இடத்தில் எல்லாம் சணல் சாக்கு விரித்து, ஏழு நாள் காலை, மதியம், சாயங்காலம் தண்ணீர் தெளிக்க வேண்டும். அந்தப் பொறுப்பை ஆச்சி எடுத்துக்கொண்டார். இடது கையில் குவளை!

சுவர் ஓரச் சந்தில் மட்டும் அண்ணாச்சி கலவை போடவில்லை. "வீடு ஒரு அஸ்திவாரம், முத்தம் ஒரு மண்ணு. ரெண்டும் சேந்து ஆடாது. இறுக்கிப் பூசுனா எங்கயாவது வெடிக்கும்." அவர் காலத்தில் அங்கே மணலும் தாரும் வைப்பார்களாம். இப்போது அதற்கு சீலன்ட் வருகிறது என்று ஹார்டுவேர் கடைக்காரர் சொன்னார். முதலில் ஃபோம் கயிற்றை உள்ளே திணித்துவிட்டு, இரண்டு ஓரமும் டேப் ஒட்டி, மேலே பியூ சீலன்ட்டை துப்பாக்கி மாதிரி இருக்கிற கருவியால் அடைக்க வேண்டும். கயிறு இருப்பதால் அது அடியில் ஒட்டாமல் இரண்டு பக்கமும் மட்டும் பிடித்துக்கொண்டு ரப்பர்போல இழுபடும். அந்த ஒரு வரிசையை நான் செய்தேன். கொஞ்சம் கோணல்தான். அண்ணாச்சி பார்த்துவிட்டு "இருக்கட்டும், இருக்கட்டும்" என்றார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும்.

கற்களின் மேலே அடிக்கிற சீலர் பற்றியும் கேட்டேன், கடையில் அதையும் தலையில் கட்டப் பார்த்தார்கள். பளபளவென்று படலமாக நிற்கிற வகை வாசலுக்கு ஆகாது. மழையில் வழுக்கும், அடியிலிருந்து வரும் ஈரம் வெளியேற முடியாமல் உரியவும் செய்யும். கல்லுக்குள் இறங்குகிற வகை உண்டு, ஆனால் சந்து ஒரு மாதமாவது நன்றாகக் காய்ந்த பிறகுதான் அதைப் பற்றியே யோசிக்க வேண்டும். நாங்கள் வேண்டாம் என்று விட்டுவிட்டோம். ஆச்சி இன்னொரு விழுதலைத் தாங்க மாட்டார்.

முருங்கை மூலையில் ஒரு சின்னப் பஞ்சாயத்து. எல்லாச் சந்தையும் அடைக்க வேண்டும் என்றார் அம்மா. "கீழாநெல்லிக்கு நான் எங்க போவேன்?" என்றார் ஆச்சி. தெருவில் யாருக்கு மஞ்சள்காமாலை என்றாலும் ஆச்சியிடம்தான் வருவார்கள். டாக்டரிடம் போகச் சொல்லி, கையில் கீழாநெல்லியும் கொடுத்தனுப்புவது அவர் வழக்கம். மரத்துக்குத் தண்ணீர் இறங்கவும் வழி வேண்டுமே என்று அண்ணாச்சியும் ஆச்சி பக்கம் சாய்ந்தார். யாரும் நடக்காத அந்த மூலையில் ஆறு கற்களைச் சுற்றி மணல் மட்டும் நிரப்பி விட்டுவிட்டோம். மற்ற இடத்தில் புல் தலைகாட்டினால் கையால் பிடுங்குவது, இல்லையென்றால் வடித்த கஞ்சித்தண்ணீர் சூட்டில் வெந்நீர் ஊற்றுவது. உப்பு போடாதீர்கள். உப்பு சந்துக்குள் இறங்கிப் படிகமாகி, கலவையையும் கல்லையும் உதிர்க்கும்.

மொத்தம் செலவான சிமென்ட், அரை மூட்டைக்கும் குறைவு. கால் மூட்டையை நான் வீணாக்கியது தனி.

சென்னைக்குத் திரும்பியதும் செய்த முதல் வேலை, அந்தப் பழைய இணையதளத்துக்கு மெயில் அனுப்பியது. கட்டுரையில் திருத்தம் போடச் சொல்லி, கடப்பா, மார்பிள் தரைகளில் ஆசிட் பயன்படுத்தக் கூடாது என்று சேர்க்கச் சொல்லி மூன்று முறை எழுதினேன். பதில் இல்லை. கட்டுரை இன்னும் அங்கேதான் இருக்கிறது, என் பெயரோடு. அதனால் இங்கே சொல்கிறேன். உங்கள் வீட்டுக் கல் என்ன வகை என்று தெரியவில்லையென்றால், கண்ணில் படாத ஒரு மூலையில் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் அந்த இடம் மங்கிப்போனால், ஆசிட் பாட்டிலை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். எந்தத் தரையானாலும் ஆசிடையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்து ஊற்றாதீர்கள், கிளம்பும் வாயு நுரையீரலைப் பதம் பார்க்கும். சிமென்ட் கறைக்குத் தண்ணீர், நைலான் பிரஷ், மரச்சீவல், பொறுமை. வேகமான வழி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது நல்ல மழை. குடை பிடித்துக்கொண்டு முற்றத்தில் நின்று பார்த்தேன். தண்ணீர் எங்கேயும் நிற்காமல் தெருப்பக்கம் ஓடியது. திண்ணை ஓரம் ஒரு சந்தில் மட்டும் மெல்லிய கோடு விழுந்திருந்தது. அண்ணாச்சிக்குப் போட்டோ அனுப்பினேன். 'கரிசல்ல அப்படித்தான். தைக்கு வந்து பாக்கேன்' என்று வாய்ஸ் மெசேஜ் வந்தது.

வெளுத்த கல்லைத் தேய்த்துப் பழைய நிறத்துக்குக் கொண்டுவரலாம் என்று அவர் அப்போதே சொல்லியிருந்தார். தேய்த்தால் மிச்சக் கோடுகளும் போய்விடும் என்று ஆச்சி விடவில்லை.

மழை விட்ட சாயங்காலம், ஆச்சி கட்டுப் பிரித்த கையால் கோலமாவு டப்பாவை எடுத்துவந்தார். விரல்கள் இன்னும் முழுதாக மடங்கவில்லை. மங்கிப்போன உச்சிக் கோடுகளின் மேல் மெதுவாக, நடுங்கி நடுங்கி மாவை இழுத்தார். இழை நேராக வரவில்லை. பிறகு மடியிலிருந்து புளியங்கொட்டைகளை எடுத்து எண்ணி, பதினைந்தை என் பக்கம் தள்ளினார்.

"நீ ஆடு. புலி எனக்கு."